காலேஜ் வாசலில் ரோடு கடக்கிற நெரிசல்: நடைமேம்பாலம் கேட்கலாமா, வேறு வழி இருக்கிறதா?

உப்புக்காற்று:

வணக்கம். ஈசிஆர் மேலேயே வாசல் வைத்திருக்கிற ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பெயர் வேண்டாம், ராமநாதபுரத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எங்கள் வளாகம்தான். வகுப்பு, நூலகம், அலுவலகம் எல்லாம் மேற்கே. ஹாஸ்டல், மெஸ், கடல் தண்ணீர் இழுத்துவிட்டிருக்கிற ஆய்வகம் மூன்றும் கிழக்கே, கடல் பக்கம். ஆக ஒரு வாய் சோறு வேண்டும் என்றாலும் ரோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் 1 மணிக்கு மணி அடித்தால் எல்லாத் துறையும் ஒன்றாக வெளியே வரும். முதல் இரண்டு நிமிஷம் திருவிழாக் கூட்டம். அதற்குப் பிறகு இருபது நிமிஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர், ஒருத்தர் என்று சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் வண்டி, வாலிநோக்கத்து உப்பு லாரி, ராமேஸ்வரம் முடித்துத் திருச்செந்தூருக்குப் போகிற சுற்றுலா வேன் எல்லாம் வரும். வாட்ச்மேன் அண்ணன் விசில் ஊதி நிறுத்துவார், நாலு பேர் கடப்பார்கள், வண்டி நகரும், மறுபடி இரண்டு பேர் இறங்குவார்கள், மறுபடி பிரேக். வரிசை வடக்கே கருவேலங்காட்டு வளைவு வரைக்கும் நின்றுவிடும். பின்னால் நிற்கிறவருக்கு எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாது, ஆகவே ஹாரன். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒருத்தர் வேனை ஓரம் கட்டி ரயில் பாலத்தை போட்டோ எடுக்க இறங்கினால் பின்னால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள், அது எங்கள் வாசலில் தினமும் நடக்கிறது. ஐயப்ப சீசனிலும் தை அமாவாசை சமயத்திலும் கேட்கவே வேண்டாம்.

காலையில் 9 மணிக்கு வேறு மாதிரி தொந்தரவு. ராமநாதபுரத்திலிருந்து வருகிற பஸ் சரியாக ரோடு கடக்கிற வரிக்கோட்டின் (ஜீப்ரா கிராசிங்) மேலேயே, கடல் பக்கம் நிற்கும். இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து வகுப்புப் பக்கம் ஓடுவார்கள். போன மாதம் என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்படி ஓடி, பஸ்ஸை ஓவர்டேக் செய்து வந்த பைக் மோதி, கணுக்காலில் விரிசல்.

இப்போது மாணவர்கள் சேர்ந்து மனு எழுதுகிறோம். நடைமேம்பாலம் கேட்போம் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ இடிக்கிறது, ஆனால் எது இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. வளாகத்துக்கு உள்ளேயே நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே லாரியும் இல்லை பஸ்ஸும் இல்லை, நம் பைக்குகள்தான், இருந்தும் இடைவேளையில் யாரும் நகர முடியாது. அதற்கும் யோசனை இருந்தால் நல்லது.

மண்டபத்துக்காரன்:

மேம்பாலமே கேளுங்கள் தம்பி. கேட்பதுதான் கேட்கிறோம், பெரிதாகவே கேட்போம். அது வருகிறவரை, நகைக்கடை விளம்பரம் எழுதின பாரிகேடு நாலு வாங்கி ரோட்டில் வளைவு வளைவாக வைக்கச் சொல்லுங்கள். வேகம் தானாகக் குறையும்.

சாலைக்கணக்கு:

நான் ரோடு வேலைகளில் பல வருஷம் டேப் பிடித்தவன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேம்பாலத்தில் உங்களுக்கு என்ன இடிக்கிறது என்று நான் சொல்கிறேன். பாரம் ஏற்றிய லாரி அடியில் போக 5.5 மீட்டர் விட வேண்டும். தளத்தின் தடிமனைச் சேர்த்தால் 6 மீட்டர். 15 செ.மீ. உயரப் படி என்றால் 40 படி ஏற்றம், 40 படி இறக்கம். கீழே நடந்தால் வெறும் 10 மீட்டர் ரோடு. ஒரு மணி வெயிலில், பசியோடு, எந்தப் பிள்ளை 80 படி மிதிக்கும்? கீழே வேலி போட்டு அடைத்தால் ஏறுவார்கள் என்பீர்கள். இரண்டு மாதத்தில் வேலியில் ஒரு கம்பி வளைந்திருக்கும், அந்த வழியாகப் பாதை ஒன்று தேய்ந்திருக்கும். அதோடு உங்கள் உப்புக் காற்றில் இரும்புப் படிக்கட்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று ஹாஸ்டல் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். கால் முடியாதவர்களுக்கு லிஃப்ட் வைக்க வேண்டும், அந்த லிஃப்டை யார் பராமரிப்பது என்பது தனிக் கதை.

சரி, தரையிலேயே கடப்பதாக வைத்துக் கணக்குப் போடுவோம். மனிதர் நடக்கிற வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 10 மீட்டர் ரோட்டைக் கடக்க எட்டு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 60 கி.மீ. வேகத்தில் வருகிற வேன் அந்த நேரத்தில் ஏறக்குறைய 140 மீட்டர் வந்துவிடும். அதாவது இரண்டு பக்கமும் 140 மீட்டர் காலியாக இருந்தால்தான் ஒருத்தர் நிம்மதியாகத் தாண்ட முடியும், ஈசிஆரில் மத்தியான நேரம் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல அப்படி ஒரு இடைவெளி எப்போது கிடைக்கும்? ஆனால் நடுவில் ஒரு திட்டு கட்டி, அதில் நின்றுகொள்ள இடம் இருந்தால் ஒரு தடவைக்கு 5 மீட்டர்தான். நாலு நொடி சொச்சம், 70 மீட்டர் இடைவெளி போதும், அதுவும் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். மேம்பாலத்துக்கு ஆகிற செலவில் மிகச் சிறிய பங்குதான் ஒரு நடுத்திட்டு. மனுவில் முதலில் இதை எழுதுங்கள். திட்டு ஆள் நிற்க 2 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும், ராத்திரி ஒளிரும் பட்டையும் போட வேண்டும், இல்லாவிட்டால் லாரி அதன் மேலேயே ஏறும்.

அந்தக் கருவேலங்காட்டு வளைவுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் வருகிறவர் ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக் மிதித்து நிற்க 80 மீட்டர் வேண்டும் என்பது, நம் நாட்டில் ரோட்டு அளவுகளை வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வைத்திருக்கிற அளவு. 80 கி.மீ. என்றால் 120 மீட்டர். 100 கி.மீ. என்றால் 180. வளைவிலிருந்து வரிசையின் வால் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். வால் வளைவுக்குள்ளேயே போய்விட்டால் கடக்கிறவர்களை விட, கடைசியாக நிற்கிற வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். மேம்பாலம் வருவதற்குள் அந்தக் கருவேலத்தை வெட்டச் சொல்லுங்கள். காசே இல்லாத வேலை, கரி மூட்டம் போடுகிறவரிடம் சொன்னால் அவரே வந்து வெட்டிக்கொண்டு போவார்.

உங்கள் இடத்துக்கு சிக்னலோ முறையான கடக்குமிடமோ தேவை என்று காட்ட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, பிரிட்டனிலிருந்து வந்தது, நம் வழிகாட்டிகளிலும் இடம் பிடித்தது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடக்கிற ஆட்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் போகிற வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குங்கள். நடுவே பிரிக்காத ரோட்டில் விடை 10 கோடியைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். பிரித்த ரோட்டுக்கு 20 கோடி. எடுத்துக்காட்டுக்கு 400 பேர், 500 வண்டி என்றால் சரியாக 10 கோடி வரும். நாலு பேர் நாலு நாள் உட்கார்ந்து எண்ணினால் போதும். அதிகாரியிடம் "ரொம்ப நெரிசல் சார்" என்று சொல்வதை விட இந்த ஒரு தாளுக்கு மரியாதை அதிகம், அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி நெரிசல். நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், "சொட்டுச் சொட்டாக" என்ற இடத்தில். 120 பேரை இரண்டிரண்டு பேராக விட்டால் வண்டிகள் 60 தடவை பிரேக் அடிக்க வேண்டும். உப்பு லாரி ஒரு தடவை நின்றால் மறுபடி கியர் பிடித்து நகர்வதற்குள் அடுத்த ஜோடி இறங்கியிருக்கும். அதே 120 பேரை மூன்றே தடவையாக விட்டுப் பாருங்கள். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆட வருகிறவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறார்களே, அதே வேலைதான். ஒரு கயிறு, இரண்டு ஆள், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருக்க வைத்துவிட்டு ஒரேயடியாகத் திறந்துவிடுவது. ரயில்வே கேட்டில் மாட்டேன் என்றா சொல்கிறோம்? கேட் மூடினால் நிற்கிறோம்.

வரிக்கோட்டின் அகலமும் இதில் சேரும். 3 மீட்டர் அகலத்தில் நாலு பேர்தான் தோளோடு தோள் போக முடியும். 40 பேர் என்றால் பத்து வரிசை, வரிசைக்கு ஒரு நொடி என்று தோராயமாக வைத்தாலும் கடைசி ஆள் அந்தப் பக்கம் போய்ச் சேர 18 நொடி. அகலத்தை இரட்டிப்பாக்கினால் 13 நொடி. வண்டிக்காரருக்கு ஐந்து நொடி மிச்சம்.

பெயின்ட் அடிக்கச் சொன்னால் சாதாரண பெயின்ட் வேண்டாம், ஆடிக் காற்று மணலை அள்ளி வந்து தேய்த்துவிடும். 2.5 மி.மீ. தடிமனில் உருக்கி ஊற்றுகிற தெர்மோபிளாஸ்டிக் கேளுங்கள். கண்ணாடித் துகள் கலந்திருப்பதால் ராத்திரி ஹெட்லைட்டில் மின்னும்.

உள் வளாகத்து விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். பைக் ஷெட் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்:

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான், உங்கள் ரோட்டிலும் ஓட்டியிருக்கிறேன். இன்ஜினியர் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பஸ் ஸ்டாப்பைத் தொடாமல் விட்டுவிட்டார்.

தம்பி, உன் தோழனை பைக்காரன் இடித்தது பைக்காரன் தப்பு மட்டும் இல்லை, பஸ் நின்ற இடத்தின் தப்பும்தான். பஸ் வரிக்கோட்டுக்கு முன்னாலோ கோட்டின் மேலேயோ நின்றால், இறங்குகிற ஆள் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால்தான் கடப்பான். பஸ்ஸுக்கு வலப்பக்கம் ஏறி வருகிறவனுக்கு அவன் தெரியவே மாட்டான், பஸ்ஸை ஒட்டி நிற்கிறவனுக்கும் வண்டி தெரியாது. பஸ் கோட்டைத் தாண்டி ஒரு இருபது முப்பது மீட்டர் தள்ளி நின்றால், இறங்குகிறவன் பின்பக்கமாக நடந்து கோட்டுக்கு வருவான். பின்னால் வருகிற வண்டி முழுசாகத் தெரியும். பஸ்ஸும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆள் இறங்கியதும் கிளம்பிவிடலாம். கீழக்கரை போகிற பஸ்ஸுக்குக் கோட்டுக்குத் தெற்கே, ராமநாதபுரம் போகிற பஸ்ஸுக்குக் கோட்டுக்கு வடக்கே. இரண்டு பலகை நகர்த்துகிற வேலை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் ஊரில் டிரைவர் ஹெட்லைட்டை மின்னினால் "நீ போ" என்று அர்த்தம் இல்லை. "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு லைட் போட்டதும் இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அடிவயிறு கலங்கும். கையைக் காட்டி, டிரைவர் முகத்தைப் பார்த்து, அவன் வேகம் குறைத்தது தெரிந்த பிறகு கால் வைக்க வேண்டும்.

பாரிகேடு பற்றி ஒருத்தர் எழுதியிருக்கிறார். வளைவுக்குப் பக்கத்தில் பாரிகேடு வைத்தால் ராத்திரியில் அதுதான் முதல் எமன். காற்றில் நகர்ந்து நடு ரோட்டுக்கு வந்துவிடும், விளம்பரத்தில் இருக்கிற சிரித்த முகம் மட்டும் கடைசி நிமிஷத்தில் தெரியும்.

மூன்றாம் மாடி:

நானும் அதே வளாகம்தான் என்று நினைக்கிறேன் அண்ணா, கருவேலங்காட்டு வளைவு என்றதுமே தெரிந்துவிட்டது. ஒரு விஷயத்தை யாராவது கவனித்தீர்களா? செமஸ்டர் தேர்வு நடக்கிற நாட்களில் இந்த நெரிசலே இருக்காது. ஆட்கள் அதே ஆட்கள், ரோடு அதே ரோடு, மீன் வண்டியும் அதே மீன் வண்டி. ஏன் என்று யோசித்தால், அப்போது கலைத் துறைகளுக்கு ஒரு நேரம், அறிவியல் துறைகளுக்கு ஒரு நேரம். மெஸ்ஸிலும் வரிசை பாதிதான், குழம்பு தீர்ந்து போகாது. அப்படியென்றால் மணியை மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும் அல்லவா? கலைத் துறைக்கு 12.50, அறிவியலுக்கு 1.10 என்று விட்டால் என்ன?

சாயங்காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ராமநாதபுரம் போகிறவர்களுக்கு வகுப்புப் பக்கத்திலேயே பஸ், அவர்கள் பாடு நிம்மதி. கீழக்கரை, ஏர்வாடி பக்கம் போகிற நாங்கள்தான் கடக்க வேண்டும். நாங்கள் எந்த பஸ்ஸுக்கும் ஓட மாட்டோம், மகளிர் இலவச டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான் ஓடுவோம். அது அடிக்கடி வராது. தூரத்தில் பிங்க் கலர் தெரிந்ததும் அறுபது பேர் ஒரே நேரத்தில் ரோட்டில் இறங்குவோம், சிவப்பு விளக்கு இருந்தாலும் இறங்குவோம், ஏனென்றால் அதை விட்டால் டிக்கெட் காசு போகும் அல்லது வீட்டுக்குப் போக இருட்டிவிடும். மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்து அந்த பஸ் வந்தால் யாரும் ஓட வேண்டியதில்லை. இப்போது 4.30க்கு மணி, 4.32க்கு பஸ்.

அப்புறம் அந்த வரிக்கோடு போய் முடிகிற இடத்தைப் பாருங்கள். கடல் பக்கம் நேராக வாய்க்காலில் போய் முடிகிறது. மூன்று சக்கர வண்டியில் வருகிற என் தோழி கோட்டில் கடக்கவே முடியாமல், ஐம்பது மீட்டர் தள்ளி லாரி திரும்புகிற இடத்தில் தனியாகக் கடக்கிறாள். வாய்க்கால் மேல் ஒரு கான்கிரீட் பலகையும் ஒரு சரிவும் போட எத்தனை மனு எழுத வேண்டும்?

நேர்பேச்சு:

எல்லாம் சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதில் ஹெட்செட், கையில் செல்போன். தலையை நிமிர்த்தாமல் ரோட்டில் இறங்கினால் திட்டு கட்டினாலும் மணியை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

மூன்றாம் மாடி:

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, செல்போன் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலையில் 4 மணிக்கு கடலுக்குப் போய்விட்டு வந்த களைப்பில் ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் போன் என்று மீன் வண்டி ஓட்டுகிறவரையும் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தினம் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் தலை நிமிராது என்றால் நடுவில் இருக்கிற ரோடாவது கொஞ்சம் விவரமாக இருக்கட்டுமே.

கீழக்கரை காக்கா:

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலில் இதே கதை நடந்து, அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் ரோடு யாருடையது என்று உறுதி பண்ணுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலைப் பிரிவா? நாங்கள் தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு எட்டு மாதம் பதிலுக்குக் காத்திருந்தோம். தேசிய நெடுஞ்சாலை என்றால் வேகத்தடை கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், பெரும்பாலும் தர மாட்டார்கள். டயர் கடகடவென்று அதிருகிற மாதிரி குறுக்கே போடுகிற பட்டைக் கோடுகள், எச்சரிக்கைப் பலகை, நடுத்திட்டு இதெல்லாம் கேட்டால் கிடைக்க வழி இருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அங்கே மனு போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர், நெடுஞ்சாலை, போலீஸ், ஆர்டிஓ எல்லோரும் அதில் உட்காருகிறார்கள். "இந்த மனுவைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மனு ஒவ்வொரு மேசையாகத் தனித்தனியாக உலாவும். பஸ் ஸ்டாப்புக்கு டிப்போ கிளை மேலாளருக்கு ஒரு நகல்.

எண்ணும்போது வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதீர்கள். ஜும்ஆ நேரத்தில் 12.30லிருந்து 1.30 வரை இந்த ரோட்டில் பைக் கூட்டம் வேறு கணக்கு. அறிவியலுக்கு 1.10 என்று அந்தத் தங்கச்சி சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை மட்டும் அதை இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்றாம் மாடி சொன்ன தேர்வு நாள் விஷயம் சத்தியமாக என் தலையில் ஏறவே இல்லை, இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் ரோட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன், மணியைப் பார்க்கவில்லை.

சாலைக்கணக்கு சார், பைக் ஷெட் வளாகத்தின் கடைசியில், கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் நுழைகிற ஒவ்வொரு பைக்கும் நூலகம் தாண்டி, நடக்கிறவர்கள் நடுவே புகுந்துதான் அங்கே போக வேண்டும்.

சாலைக்கணக்கு:

நினைத்தேன். அங்கே கடக்குமிடம் எதுவும் வேண்டாம், ஷெட்டை வாசல் பக்கம் கொண்டுவாருங்கள். வாசலுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் நடந்தால் நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் பைக்கே வராது. நிழல் இல்லை என்பார்கள், ஒரு தகரக் கொட்டகைக்கு மேல் செலவு இல்லை. உள்ளே இருக்கிற ரோடு உங்கள் நிர்வாகத்துடையது, யாரிடமும் மனு போட வேண்டாம்.

ஷெட்டை நகர்த்தவே முடியாது என்றால், அந்த இடத்தில் ரோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். நடக்கிறவர் இறங்கி ஏற வேண்டாம், பைக்காரர்தான் ஏறி இறங்க வேண்டும், அதனால் மெதுவாக வருவார். வெறும் வேகத்தடை போடுவதாக இருந்தாலும் அளவோடு போடுங்கள்: 10 செ.மீ. உயரம், வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் 25 கி.மீ. வேகத்தில் இடுப்பு நோகாமல் ஏறி இறங்கலாம். நம் ஊரில் ஒரு முழ அகலத்தில் கழுதை முதுகு மாதிரி போட்டுவிடுகிறார்கள், அதில் பைக்காரன் ஓரத்தில் இருக்கிற சந்து வழியாகப் புகுந்து நடக்கிறவர் காலில் ஏற்றுவான்.

மணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டு பிரிவுக்கும் பொதுவான பாடங்கள் இருந்தால் கால அட்டவணைக் குழு சண்டைக்கு வரும். பொதுப் பாடங்களைக் காலையில் முதல் வகுப்பாகத் தள்ளச் சொல்லுங்கள், மத்தியானத்தில் முட்டாது.

உப்புக்காற்று:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், என்ன ஆனது என்று கேட்டு இரண்டு பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள்.

எண்ணினோம். நாலு நாள், அதில் ஒரு வெள்ளி. மத்தியான ஒரு மணி நேரத்தில் 10 கோடியை எல்லா நாளும் தாண்டியது, வெள்ளிக்கிழமை அதிகமாகவே தாண்டியது. அந்தத் தாளையும் வளைவு வரை டேப் பிடித்து அளந்த படத்தையும் வைத்துத் திங்கட்கிழமை மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது, காக்கா சொன்ன ஒரு வரியும் இருக்கிறது. நடுத்திட்டுக்கு இன்னும் பதில் இல்லை. கருவேலம் மட்டும் ஒரே வாரத்தில் போய்விட்டது, சார் சொன்ன மாதிரி கரி மூட்டக்காரர்தான். வளைவு இப்போது மொட்டையாக, முழுசாகத் தெரிகிறது.

மணி மாற்றத்துக்கு ஒரு துறை ஒத்துக்கொள்ளவே இல்லை, அவர்கள் இன்னும் 1 மணிக்குத்தான் விடுகிறார்கள். பரவாயில்லை, மற்றவர்கள் 12.50க்கும் 1.10க்கும் பிரிந்துவிட்டதால் கூட்டம் மூன்றாக உடைந்துவிட்டது, நாங்கள் கேட்டதை விட நல்லதாக. வாட்ச்மேன் அண்ணனுக்குத் துணைக்கு ஒரு ஆளும் ஒரு நைலான் கயிறும் கிடைத்திருக்கிறது, கயிறு படகுக்காரர் ஒருவர் கொடுத்தது. முதல் வாரம் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார்கள், இப்போது நிற்கிறார்கள். வண்டி வரிசை பெரும்பாலான நாட்களில் வளைவைத் தொடுவதில்லை. வாய்க்கால் மேல் பலகை போட்டாயிற்று, நிர்வாகமே போட்டது, ஆனால் சரிவு கொஞ்சம் செங்குத்தாகிவிட்டது, மூன்றாம் மாடியின் தோழி ஏற ஒருத்தர் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. அதை இடித்துவிட்டு மறுபடி போடச் சொல்லியிருக்கிறோம். பைக் ஷெட் அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

பஸ் ஸ்டாப் பலகை இரண்டும் நகர்ந்துவிட்டது. டவுன் பஸ் ஒழுங்காகப் புது இடத்தில் நிற்கிறது. மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மட்டும் பழைய இடத்தில், கோட்டின் மேலேயேதான் நிற்கின்றன. எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. ஸ்டியரிங் ஐயா, இதற்கு என்ன செய்வது?

ஸ்டியரிங்:

பழைய இடத்தில் டீக்கடை இருக்கிறதா தம்பி?

உப்புக்காற்று:

இருக்கிறது ஐயா. கீற்றுக் கொட்டகை, தள்ளுவண்டிதான்.

ஸ்டியரிங்:

பலகையை நீ எங்கே வேண்டுமானாலும் நடு. டிரைவர் டீ குடிக்கிற இடம்தான் ஸ்டாப். கடையை நகர்த்து.

உப்புக்காற்று:

இன்றைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன் ஐயா. கடைக்காரர் அக்கா வரத் தயார்தான், அவருக்கும் கோட்டின் மேல் பஸ் வந்து நின்று டீசல் புகை அடிப்பது பிடிக்கவில்லையாம். ஆனால் பழைய இடத்தில் எங்கள் வளாகக் குழாய் பத்தடியில் இருக்கிறது, புது இடத்தில் தண்ணீர் இல்லை. நாலு குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு நாளைக்கு மூன்று தடவை இழுத்து வர முடியாது என்கிறார், நியாயம்தான். டேங்க் ஒன்று வைத்துக் கொடுத்தால் நாளைக்கே மாறுகிறேன் என்கிறார், வாரத்துக்கு இரண்டு தடவை ஹாஸ்டலுக்கு வருகிற லாரியிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று வார்டனும் சொல்லிவிட்டார். ராமநாதபுரத்தில் பழைய 500 லிட்டர் டேங்க் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?